கணினித் திரையில் மட்டக்களப்பு



1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி மட்டக்களப்புக் கோட்டை யாருக்கு உரியதாயிருந்தது? எளிய வினாவாகத் தோன்றும். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 1628இல், புளியந்தீவில் அக்கோட்டையை எழுப்பியவர் போர்த்துக்கேயர். அன்று அவர்களைப் பணியவைத்து உள்ளே புகுந்தவர் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர். ஒல்லாந்தரை அழைத்தவரும், தம் படையை அவர்களோடு சேர்த்தவரும் கண்டி மன்னர் இரண்டாம் இராசசிங்கர். ஐந்து நாட்களின் பின், 23ஆந் திகதி, மன்னரும் ஒல்லாந்தரும் இங்கேயே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பதற்கு மன்னரின் விருப்பம் வேண்டும் என்ற நிபந்தனை அதன் ஒரு படியில் இருந்தது; ஒல்லாந்த மொழிப் படியில் அது காணப்படவில்லை. அதனால் எழுந்த பிணக்கு நெடுங்காலம் தீரவில்லை.

இவ்வினாவை வரலாறு கற்கும் மாணவன் நான்கு பக்கக் கட்டுரையில் ஆராயலாம். கணினி விளையாட்டு ஒன்றுக்கு மட்டக்களப்பின் கோப்பை எழுத அமரும் மாணவனுக்கோ மூன்று வரிகளே உண்டு. அம்மூன்று வரிகளைப் பற்றியும், அவற்றைத் திரையில் காட்டும் எழுத்தின் அளவைப் பற்றியும் இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன். பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியில் விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்று பெற்றோர் சிலர் நினைத்தல் கூடும். பிள்ளைகள் விளையாடுவது நாம் பேசினாலும் பேசாவிட்டாலும் நடக்கும். விளையாட்டைத் திறந்து அதன் உள்ளே பார்க்கும் பிள்ளைக்கே நான் துணை நிற்க விரும்புகின்றேன்.

விளையாட்டின் பெயர் யூரோப்பா யூனிவர்சாலிஸ். 1993இல் பிலிப் திபோ என்னும் பிரெஞ்சுக்காரர் அதனை மேசைமேல் விரித்து ஆடும் விளையாட்டாக ஆக்கினார். 2000ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் பாரடொக்ஸ் நிறுவனம் அதனைக் கணினிக்குக் கொண்டுவந்தது. நான் எடுத்துக்கொள்வது 2013 ஆகஸ்டில் வெளிவந்த நான்காம் பாகம். ஐந்தாம் பாகம் 2025 நவம்பரில் வந்துவிட்டது. ஆயினும் நம்மிடமுள்ள பழைய கணினிகளுக்கு நான்காவதே ஏற்றது. 1444 நவம்பர் 11ஆந் திகதி அதன் காலம் தொடங்கி, 1821இன் தொடக்கத்தில் முடிகின்றது. ஆடுபவர் அக்காலத்து நாடு ஒன்றைத் தேர்ந்து, வரி தண்டி, வாணிகம் நடத்தி, உறவும் பகையும் கொண்டு அதனை வளர்க்கவேண்டும். யாழ்ப்பாணமும் கோட்டையும் தனித்தனி அரசுகளாக அதில் உள்ளன.

நாயும் புலியும் ஆடிய நம் மூத்தோருக்கு இத்தகைய சூழ்ச்சி புதிதன்று. புதியது வேறொன்று. நாயும் புலியும் ஆடுவதற்குத் தரையிற் கீறிய கோடுகளை அழித்து வேறு கோடு கீறலாமன்றோ? அதுபோல, இவ்விளையாட்டை ஆக்கியோரும் தம் கோடுகளை அழித்தெழுதத்தக்கவையாகவே விட்டிருக்கின்றனர். நாடுகள், மன்னர்கள், மாகாணங்கள் பற்றிய செய்திகள் யாவும் சாதாரண எழுத்துக் கோப்புகளாக உள்ளன. கணினியிலுள்ள குறிப்பேட்டில் அவற்றைத் திறந்து வாசிக்கலாம், மாற்றியும் எழுதலாம். அவ்வாறு மாற்றியமைத்த கோப்புத் தொகுதியை ‘மொட்’ என்பர்.

ஒரு நாடு என்பது இவ்விளையாட்டுக்கு எத்தகையது என்று பார்ப்போம். முதலில் அதற்கு மூன்று ஆங்கில எழுத்துகளாலான ஒரு குறி உண்டு. போர்த்துக்கல்லுக்கு பி-ஓ-ஆர், ஒல்லாந்துக்கு என்-ஈ-டி, பிரித்தானியாவுக்கு ஜி-பி-ஆர். ‘கொமன்’ என்ற அடைவில் உள்ள ஒரு பட்டியல், ஒவ்வொரு குறியையும் அந்நாட்டின் கோப்போடு சமக்குறியிட்டு இணைக்கின்றது. அக்கோப்பைத் திறந்தால், உலகப்படத்தில் அந்நாடு எந்த நிறத்தில் தோன்றவேண்டும் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றின் அளவுகளாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரையில் ஓர் எண். அதன்கீழ் மன்னர்களுக்கு இடத்தக்க பெயர்கள், தளபதிகளின் பெயர்கள், கப்பல்களின் பெயர்கள். ஆட்சிமுறை, சமயம், பண்பாடு, தலைநகரின் எண், இன்ன திகதியில் இன்னார் முடிசூடினார் என்னும் விபரங்கள் ஆகியன ‘ஹிஸ்டரி’ என்ற வேறோர் அடைவில் உள்ளன. கொடி, பக்கத்துக்கு 128 புள்ளிகள் கொண்ட சதுரப் படம். இவ்வளவே நாடு.

மன்னர் பெயர்ப் பட்டியலில் ஒரு விந்தை உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண் இருக்கும். எண் பெரிதாயின் அப்பெயர் அடிக்கடி வரும். பெண்பாற் பெயராயின் அவ்வெண்ணுக்கு முன்னே கழித்தற் குறி இடவேண்டும்! அரசியர் எல்லாம் பூச்சியத்துக்குக் கீழே நிற்கின்றனர். நிரல் எழுதியவர் வசதிக்காகச் செய்தது என்பதை அறிவேன். இகழும் நோக்கம் அதில் இல்லை. ஆயினும் மட்டக்களப்பில் இருந்து அதனை வாசிப்பவருக்குச் சிரிப்பு வரும். இங்கே தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் குடி தாய்வழியாகவே வருகின்றது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்கின்றன. கோயில் வண்ணக்கர் பதவி போன்ற உரிமைகள் மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்லும் வழக்கம் இருந்துவந்தது. 1962இல் எவ்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், மண்முனையை ஆண்டவளாக உலகநாச்சி என்னும் பெண்ணைக் கூறுகின்றது. உலகநாச்சியின் பெயரை இக்கோப்பில் சேர்க்க விரும்பும் மாணவன் கழித்தற் குறியோடுதான் சேர்க்கவேண்டும். மருமகன் பட்டத்துக்கு வரும் முறையை எழுதவோ இதில் இடமே இல்லை. அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட குருசேடர் கிங்ஸ் மூன்றாம் பாகத்தில் பிள்ளைகள் தாயின் வழியைச் சேரும் திருமணத்துக்கு வழி உண்டு. ஆக, முடியாத காரியமன்று. இந்த விளையாட்டை ஆக்கியோருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

இனி, முன்னர் கூறிய மூன்று வரிகளுக்கு வருவோம். நாட்டுக்குக் கோப்பு இருப்பதுபோல ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு கோப்பு உண்டு. அதன் தலைப்பில் நிற்பவை ‘ஓனர்’, ‘கொன்ட்ரோலர்’, ‘அட் கோர்’ என்னும் மூன்று சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நாட்டின் குறியை எழுதவேண்டும். முதலாவது, மாகாணத்தின் உடைமையாளர். இரண்டாவது, அங்கே படைவைத்து நடைமுறையில் ஆள்பவர். மூன்றாவது, அந்நிலம் தமக்கு உரியது என்ற நிலையான உரிமை பெற்றவர். இவ்வரியை எத்தனை முறையும் எழுதலாம், ஒரே மாகாணத்துக்குப் பல நாடுகள் உரிமை கொண்டாடலாம். அதன்கீழே திகதிகளை இட்டு, அவ்வத் திகதியில் எது மாறிற்று என்று நெளி அடைப்புக்குள் எழுதிச் செல்லவேண்டும்.

சட்டம் படித்தவர் ஒருவர் இதனை வகுத்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உடைமை வேறு, கைவசம் வேறு, உரிமை வேறு என்று பிரித்தறிவது சிறிய காரியமன்று. பாடநூல்களில் ஒரு நிலப்படத்துக்கு ஒரு நிறம் தீட்டிவிட்டு அப்பாற் செல்லும் நாம் இவ்வளவு நுட்பமாகக் கற்பிப்பதில்லை.

எனினும் 1638ஐ எழுதிப் பாருங்கள். கைவசம் வைத்திருந்தவர் ஒல்லாந்தர், ஐயமில்லை. உரிமை கண்டிக்கு உரியது, அதிலும் ஐயமில்லை. உடைமை? கண்டி என்றே நான் எழுதுவேன். ஆனால் இவ்விளையாட்டில் உடைமையாளரும் கைவசம் வைத்திருப்பவரும் வேறு வேறாக இருப்பது போர் அல்லது கலகம் நடக்கும் காலத்தில் மாத்திரமே. அமைதி வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடவேண்டும். நட்புடன்படிக்கையின் பெயராலே ஒருவர் கோட்டையில் மற்றொருவர் இருப்பது என்பது அதற்கு விளங்காத நிலை. மட்டக்களப்போ, இடையிடையே மாற்றங்கள் நேர்ந்தபோதிலும், ஏறக்குறைய அந்நிலையிலேயே பல தலைமுறை இருந்தது. கரையோரம் முழுவதையும் கண்டி மன்னர் ஒல்லாந்தக் கும்பனிக்கு விட்டுக்கொடுத்த உடன்படிக்கை 1766இல்தான் வந்தது. 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். எனவே 1766 என்ற திகதியில் கண்டியின் உரிமை வரியை நீக்கி எழுதலாம். 1795இல் ஜி-பி-ஆர் என்று எழுதலாம். இவை எளிய வரிகள். 1638க்குரிய வரி எளிதாகாது. உயர்தர வகுப்பு மாணவர் சிலரிடம் இதனைக் கொடுத்தபோது, அவ்வொரு சொல்லுக்காக அவர்கள் உடன்படிக்கையின் இரு படிகளையும் பற்றித் தேடிப் படித்தனர். பரீட்சை வினாவுக்காக அவ்வளவு படித்ததை நான் கண்டதில்லை.

போடிமார் என்ன ஆயினர் என்று கேட்பீர்கள். கண்டியிலும் கொழும்பிலும் யார் இருந்தபோதிலும் இங்குள்ள பற்றுகளை நாளாந்தம் நடத்தியவர்கள் அத்தலைவர்களே. மண்முனைப் பற்று, ஏறாவூர்ப் பற்று, கோறளைப் பற்று, போரதீவுப் பற்று என்னும் பெயர்கள் இன்றைய பிரதேச செயலகப் பிரிவுகளிலும் வாழ்கின்றன. விளையாட்டில் இலங்கைத் தீவு முழுவதும் ஒரு சில மாகாணங்களே. பற்றுகளைத் தனித்தனியே சேர்க்க வேண்டுமாயின் கோப்பு மாத்திரம் போதாது, நிலப்படத்தையே திருத்தவேண்டும்.

அந்நிலப்படமும் ஓர் எளிய உபாயம்தான். உலகம் முழுவதும் 5632 புள்ளி நீளமும் 2048 புள்ளி உயரமும் கொண்ட ஒரே படம். ஒவ்வொரு மாகாணமும் அதில் வேறெந்த மாகாணத்துக்கும் இல்லாத ஒரு நிறத்தால் தீட்டப்பட்டிருக்கும். இன்ன நிறம் இன்ன எண்ணுள்ள மாகாணம் என்று ஓர் அட்டவணை கூறும். புதிய மாகாணம் வேண்டுமாயின் புதிய நிறத்தால் தீட்டி, அட்டவணையில் ஒரு வரி சேர்த்தல் வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். உலகின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். அதனை 5632ஆல் வகுத்தால், நம் பகுதியில் ஒரு புள்ளி ஏறத்தாழ 7 கிலோமீற்றர் ஆகும். மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். ஆகவே எட்டுப் புள்ளி. அகலமோ பெரும்பாலான இடங்களில் ஒரு புள்ளிக்கும் போதாது. பாடும் மீன் வாழும் வாவி அந்த உலகில் இல்லை. புளியந்தீவு தீவன்று. கல்லடியில் 1924இல் கட்டிய பாலமும் 2013இல் திறந்த பாலமும் கடப்பதற்கு நீர் இல்லை. மாகாணத்தின் விளைபொருளும் ஒன்றே ஒன்றுதான் எழுதலாம்: தானியம் என்றால் மீன் இல்லை, மீன் என்றால் வயல் இல்லை. படுவான்கரையும் எழுவான்கரையும் ஒரே சொல்லில் அடங்குமா?

மற்றொன்றும் சொல்லவேண்டும். திகதியை இட்டு ஒரு குறியை மாற்றினால் நிலத்தின் நிறம் மாறிவிடுகின்றது. அங்கே இருந்தவர்கள் ‘ஆள்வலி’ என்ற ஓர் எண்ணாக மாத்திரம் நிற்கின்றனர். நம் மாவட்டத்தில் நிறம் மாறிய நாட்களை நினைவில் வைத்திருக்கும் பெற்றோர் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். 1821க்கு இப்பால் கோப்பை நீட்டி, நம் காலத்துப் போரையும் எழுதலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். எழுத முடியும், கோப்பு தடுக்காது. பாடசாலைக் கணினியில் வேண்டாம் என்றேன். சரியென்று ஒப்புக்கொண்டானா என்பது வேறு.

செய்முறையைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். விளையாட்டோடு வந்த மூலக் கோப்புகளைத் தொடவேண்டாம். ‘ஆவணங்கள்’ என்ற அடைவினுள் இவ்விளையாட்டுக்குரிய இடத்தில் ‘மொட்’ என்று ஓர் அடைவு உண்டு. அங்கே உங்கள் தொகுதிக்கென ஓர் அடைவு அமைத்து, திருத்த விரும்பும் கோப்பின் பிரதியை அதே பெயரில், அதே உள்ளடைவு ஒழுங்கில் வையுங்கள். தொகுதியின் பெயரையும் இடத்தையும் கூறும் சிறு அறிமுகக் கோப்பு ஒன்றும் வேண்டும். விளையாட்டு தொடங்கும்போது மூலத்துக்குப் பதிலாக உங்கள் பிரதியை எடுத்துக்கொள்ளும். தொகுதியை நீக்கினால் எல்லாம் பழையபடியே. நெளி அடைப்பு ஒன்றைத் திறந்து மூடாமல் விட்டால் அதன்பின் வருவன யாவும் குழம்பும். எந்தக் கோப்பில் எந்த வரியில் பிழை என்பது ‘எரர் லொக்’ என்ற பதிவேட்டில் எழுதப்படும். அதனை முதலில் வாசிக்கப் பழகுங்கள். இன்னொரு கணினியில் உள்ளவரோடு சேர்ந்து ஆடுவதாயின் இருவரிடமும் ஒரே கோப்புகள் இருத்தல் வேண்டும். கோப்புகளிலிருந்து கணிக்கப்படும் ஒரு சரிபார்ப்புக் குறி இரு பக்கத்திலும் ஒத்துவராவிட்டால் ஆட்டம் கூடாது.

கோப்பு எழுதியாயிற்று. இனி அது திரையில் தோன்றவேண்டும். நாம் எழுதிய பெயர் நம் எழுத்திலே தோன்றுமா? இங்கேதான் பெரிய இடர் காத்திருக்கின்றது.

இவ்விளையாட்டு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம் ஆகிய நான்கு மொழிகளில் வந்தது. அதன் எழுத்துகள் பழைய அச்சுக்கூடத்து ஈய எழுத்துகளைப் போன்றவை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சிறு படம் முன்னரே ஆக்கப்பட்டு, ஒரு பெரிய படத்தட்டில் அடுக்கிவைக்கப்பட்டுள்ளது. சொல் வரும்போது அப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாக இடமிருந்து வலமாக வைத்துச் செல்லும்; அவ்வளவே அதற்குத் தெரியும். மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு அது போதும். ‘மட்டக்களப்பு’ என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினியின் ஒருங்குறி முறையில் புள்ளியும் உகரக்குறியும் தனித்தனி எண் பெறுவதால் அது பன்னிரண்டு குறிகளாகின்றது; ஒரு குறிக்கு மூன்று பைட்டாக 36 பைட் இடம் கொள்கின்றது. ஆங்கிலத்தில் பத்து எழுத்து, பத்து பைட். இடம் கூடுதலாவது ஒரு பொருட்டன்று. ‘கொக்கட்டிச்சோலை’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பும் சங்கிலிக் கொம்பும் மெய்க்கு இடப்புறத்தில் நிற்கவேண்டும். ஆனால் சேமிப்பில் மெய்க்குப் பின்னரே இருக்கும். வரும் ஒழுங்கிலேயே வைக்கும் இயந்திரத்தில் கொம்பு தவறான பக்கத்தில் போய் நிற்கும். தமிழெழுத்துகளின் படத்தைத் தட்டில் சேர்த்தாலும் இக்குறை தீராது. சீன, யப்பானிய ஆர்வலர் இவ்விளையாட்டின் நிரலோடு ஓர் இணைப்பைப் பொருத்தித் தம் எழுத்தைக் காட்டச் செய்தனர். அவர்களுடைய எழுத்துகள் எத்தனை ஆயிரமாயினும் வரிசையாக நிற்பவை. நம்முடையவை ஒன்றையொன்று தழுவி நிற்பவை. ஆகையால் இவ்விளையாட்டில் நம் ஊர்ப் பெயர்களை உரோம எழுத்தில் எழுதுவதோடு அமைய வேண்டியிருக்கின்றது.

அதிலும் நமக்கு ஒரு தெரிவு உண்டு. ‘பட்டிக்கலோவா’ என்ற ஆங்கில வழக்கை எழுதுவதா, ‘மட்டக்களப்பு’ என்ற ஒலியை உரோம எழுத்தில் எழுதுவதா? பெயர்கள் தனிக் கோப்பில் இருப்பதால் ஒரு வரியில் மாற்றிவிடலாம். நான் இரண்டாவதையே வேண்டுவேன். வி.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம், 1964இல் வெளிவந்தது, இவ்வகைப் பெயர் தேடுவோருக்கு நல்ல துணை.

பெயரை மாற்றியதும் அடுத்த இடர். ஆங்கிலப் பெயரின் நீளத்துக்கு அளந்து செய்த பெட்டியில் நீண்ட பெயர் அடங்காது. வால் அறுந்து நிற்கும். பெட்டிகளின் அளவும் கோப்பிலேயே உண்டு. ‘இன்டர்ஃபேஸ்’ என்ற அடைவில் உள்ள கோப்புகள், ஒவ்வொரு சாளரமும் பொத்தானும் எழுத்துப் பெட்டியும் திரையின் எந்த மூலையிலிருந்து எத்தனை புள்ளி தள்ளி நிற்கவேண்டும், எவ்வளவு அகலம் கொள்ளவேண்டும், எந்த அளவு எழுத்தைப் பயன்படுத்தவேண்டும் என்று கூறுகின்றன. அகலத்தை 120இலிருந்து 160 ஆக்கினால் பெயர் முழுவதும் தெரியும். ஆனால் பக்கத்திலுள்ள பொத்தானை அது மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நினைவுக்கு வருபவர் நம் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள். சென்னையில் கலைச்சொற்கள் ஆக்கும் முயற்சி நடந்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர்களுள் அவரும் ஒருவர். அச்சொற்றொகுதி 1938இல் வெளிவந்தது. பாடநூலுக்குச் சொல் ஆக்குவோருக்குச் சொல்லின் நீளம் அவ்வளவாகத் தடையன்று. திரைக்குச் சொல் ஆக்குவோருக்கு இத்தனை புள்ளி அகலம் என்ற எல்லை உண்டு. வரி, படை, உறுதி, உறவு என்னும் சிறு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. ‘இராசதந்திர நடவடிக்கைகள்’ என்று எழுதிப் பெட்டியை நிரப்புவதினும் ‘உறவு’ என்று எழுதுவது பொருத்தம். நம் அலுவலகங்களில் வரும் படிவங்களை ஆக்குவோரும் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால் நன்று.

இனி, திரை அளவைப் பற்றி. இங்கு நிற்பது கண்பார்வைச் செய்தி. ஆகையால் பெற்றோரும் கேட்கவேண்டும்.

திரை என்பது புள்ளிகளின் வயல். பெட்டியின் அளவு மில்லிமீற்றரிலன்றிப் புள்ளிகளில் கூறப்படுவதால், ஒரே பொத்தான் ஒரு திரையில் பெரிதாகவும் மற்றொன்றில் சிறிதாகவும் தோன்றும். 24 புள்ளி உயரமுள்ள ஒரு பொத்தானைக் கருதுங்கள். பாடசாலைகளில் பெரிதும் காணப்படும் 14 அங்குல மடிக்கணினியில், 1366க்கு 768 புள்ளி கொண்ட திரையில், அது ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீற்றர் உயரம். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய 15.6 அங்குலப் புதிய கணினியில், 3840க்கு 2160 புள்ளி இருக்குமாயின், அதே பொத்தான் இரண்டு மில்லிமீற்றரைச் சிறிதே தாண்டும். விலை உயர்ந்த திரையில் எழுத்து எறும்பாகிவிடுகின்றது! பிள்ளை திரையின்மேல் குனிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

இதற்காகவே இடைமுக அளவு என்ற ஓர் அமைப்பு உண்டு. ஒன்று என்பது உள்ளபடி. ஒன்றரை என்றால் எல்லாப் பொத்தானும் எழுத்தும் ஒன்றரை மடங்கு. புள்ளி நிறைந்த திரையில் இரண்டு என்று வைத்துவிடலாம். ஒவ்வொரு புள்ளியும் நான்காகி, உருவம் கெடாமல் நிற்கும். சிறிய திரையில்தான் தொல்லை. 1366க்கு 768 திரையில் ஒன்றரை என்று வைத்தால், விளையாட்டுக்கு உண்மையில் எஞ்சுவது 911க்கு 512 புள்ளி இடம். 600 புள்ளி உயரமுள்ள சாளரம் ஒன்று 900 ஆகிவிடும். அதன் அடியிலுள்ள ‘சரி’ என்ற பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும், அழுத்த வழியில்லை. ஒன்றேகால் என்று வைத்தால் அதே சாளரம் 750 புள்ளி, மட்டுமட்டாக அடங்கும். ஆனால் எழுத்து மங்கும். நான்கு புள்ளியில் வரைந்த கோட்டை ஐந்து புள்ளியாக நீட்டும்போது, ஐந்தாவது புள்ளி கருமையுமன்றி வெண்மையுமன்றிச் சாம்பலாக நிற்பதே காரணம். ஈய எழுத்தைத் தட்டிப் பெரிதாக்க முடியாதல்லவா? பன்னிரண்டு புள்ளி எழுத்து வேண்டுமாயின் அதற்கென வார்த்த வேறு எழுத்தைத்தான் எடுக்கவேண்டும்.

ஆகவே சிறிய திரைக்கு நான் பரிந்துரைக்கும் வழி, முழுவதையும் பெருக்காமல் வேண்டிய இடத்தை மாத்திரம் பெருக்குதல். இடைமுகக் கோப்பில் மாகாணத்தின் பெயர், வரித்தொகை போன்ற சில பெட்டிகளைத் தேடி, அங்கே குறித்துள்ள எழுத்துக்குப் பதிலாக, விளையாட்டோடு வந்த அடுத்த பெரிய எழுத்தின் பெயரை எழுதுங்கள். அகலத்தையும் சிறிது கூட்டுங்கள். எழுத்து மங்காது; சாளரமும் வெளியே போகாது. வேலை கூடுதல்தான். இயங்குதளமாகிய விண்டோஸும் தன் பங்குக்கு நூற்றிருபத்தைந்து, நூற்றைம்பது வீதம் என்று பெருக்குவதுண்டு. இரு பெருக்கமும் ஒன்றாகச் சேர்ந்தால் படம் மங்கும்; சிலவேளை சுட்டி ஓரிடத்தில் நிற்க, அழுத்தம் வேறிடத்தில் விழும். இரண்டில் ஒன்றை நிறுத்திவிடவேண்டும்.

பணம் கொடுத்து வாங்கவேண்டிய இவ்விளையாட்டு எல்லாப் பாடசாலைக்கும் கிட்டாது என்பதும் உண்மை. அத்தகையோருக்கு ஃப்ரீசிவ் உண்டு. 1995இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் தொடங்கியது. எவரும் இலவசமாகப் பெறலாம், பிரதி செய்து கொடுக்கலாம், நிரலையும் திருத்தலாம். ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்களுக்கு அதில் கோப்புகள் எழுதப்பட்டுள்ளன. பழமையான கணினியிலும் ஓடும். நம் நோக்கில் அதன் பெருஞ்சிறப்பு வேறு: எழுத்தை அது படத்தட்டிலிருந்து எடுப்பதில்லை, கணினியின் எழுத்துருவையே கேட்டுப் பெறுகின்றது. கொம்பு தன் இடத்தில் நிற்கும். எழுத்தின் அளவை மாற்றினால் மங்காது. ‘கொக்கட்டிச்சோலை’ என்று கோப்பில் எழுதினால் கொக்கட்டிச்சோலை என்றே நிலப்படத்தில் தோன்றும்.

ஃப்ரீசிவின் கோப்பு, உடைமையும் உரிமையும் பிரித்தெழுதும் நுட்பம் உடையதன்று. தலைவர்களின் பெயர்களை ஆணா பெண்ணா என்ற குறிப்போடு அடுக்கவேண்டும்; கழித்தற் குறி இல்லை. பின்னர் ஊர்ப் பெயர்ப் பட்டியல். ஒவ்வோர் ஊருக்கும் அருகே அடைப்புக்குறிக்குள் அதன் நிலத்தன்மையைக் கூறலாம். கடற்கரைக்கு ‘ஓஷன்’, ஆற்றங்கரைக்கு ‘ரிவர்’, ஏரிக்கரைக்கு ‘லேக்’, குன்றுக்கு ‘ஹில்ஸ்’. ஆடுபவர் கடலோரத்தில் ஊர் அமைத்தால் கடலோர ஊரின் பெயரையே விளையாட்டு எடுத்துத் தரும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலம் வகுத்தோருக்கு இது பழகிய முறைதான். வாகரைக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் கடல் என்று எழுதலாம். வாவிக்கென ஒரு சொல் அப்பட்டியலில் இல்லை. உப்புநீரும் நன்னீரும் கலந்து, முகத்துவாரத்தால் கடலோடு சேரும் நீர்நிலை அவர்கள் எண்ணத்தில் வரவில்லைப் போலும். மட்டக்களப்புக்கு அருகே கடல் என்று எழுதுவதா, ஏரி என்று எழுதுவதா? இரண்டையும் காற்புள்ளியிட்டு எழுதலாம், கோப்பு ஏற்றுக்கொள்ளும்.